இல்லாத யாளியைப் பற்றிப் பேசுவது எப்படி: பூரிடான் வழியில் ஒரு செய்முறை

"யாளின்னு ஒன்னு கிடையாது" என்று யாராவது சொன்னால் சரிதான் என்று தலையாட்டிவிடுவோம். எது கிடையாது என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் சிக்கல். "யாளிதான்" என்றால், இல்லாததை எப்படிச் சுட்டினாய் என்பார்கள். "ஒன்றுமில்லை" என்றால், அப்புறம் இவ்வளவு நேரம் எதைப் பற்றிப் பேசினாய் என்பார்கள். கொடைக்கானலில் நாங்கள் சிலர் கூடிப் பழைய தர்க்க நூல்களைப் படிக்கிறோம், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் முதல் கதவு இதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். படித்து முடித்தால் எந்த "இல்லாத பொருள்" வாக்கியத்தையும் நீங்களே பிரித்து மேய்ந்துவிடலாம்.

யாருடைய முறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர்வாதிகள் என்று ஒரு கூட்டம். "மனிதத்தன்மை", "குதிரைத்தன்மை" என்று உலகத்தில் தனியாக எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் தனித்தனி மனிதர்களும் தனித்தனிக் குதிரைகளும்தான், பொதுவாக இருப்பவை சொல்லும் எண்ணமும் மட்டுமே என்பது அவர்கள் கட்சி. ஒக்காம் வில்லியம் 1323 வாக்கில் எழுதிய பெரிய தர்க்கத் தொகுப்பு இதில் முக்கியமானது. அவர் பிறகு போப்போடு தகராறாகி ஓடிப்போய் 1347இல் மியூனிக்கில் இறந்தார். அடுத்தவர் பாரிஸில் பாடம் நடத்திய ழான் பூரிடான், இரண்டு தடவை பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். (பூரிடான் என்றதும் இரண்டு வைக்கோல் போருக்கு நடுவில் பட்டினி கிடந்த கழுதை ஞாபகம் வருகிறவர்களுக்கு: அந்தக் கழுதை அவர் எழுதியதில் எங்கும் இல்லை. இல்லாத பொருளைப் பற்றிய கட்டுரைக்குப் பொருத்தமான கழுதைதான்.) மூன்றாமவர் மார்சிலியஸ், 1386இல் தொடங்கிய ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். ஒரு இடத்தில் இவர் பூரிடானோடு முட்டிக்கொள்கிறார், அங்கே கடைசியில் வருவோம்.

அவர்கள் மாறாமல் பயன்படுத்திய உதாரணம் கைமேரா என்ற கலப்பு மிருகம். ஆடும் மாடும் சேர்ந்த விலங்கு என்று ஒக்காம் ஓரிடத்தில் விளக்குகிறார். அவர்களுக்கும் முன்னால், அரிஸ்டாட்டிலே ஆட்டுமான் என்று ஒன்றைச் சொல்லி, அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு, ஆனால் "இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ சேர்க்கும்வரை அது மெய்யும் இல்லை பொய்யும் இல்லை என்று எழுதிவைத்தார். நமக்கு ஆட்டுமான் என்றால் வரையாடு ஞாபகம் வந்து குழப்பும், அது நிஜமாகவே பாறையில் ஏறி நிற்கிறது. அதனால் யாளியை எடுத்துக்கொள்கிறேன். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, மதுரை மீனாட்சி அம்மன் கோயில் தூண்களில் பார்த்திருப்பீர்கள்.

சரி, வேலையைத் தொடங்குவோம். ஒரு தாளில் சொல்லை எழுதி, அதற்குக் கீழே அதன் விளக்கத்தை எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள், பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். யாளி என்பதற்கு "சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் உள்ள விலங்கு" என்று எழுதினால், அப்படிப்பட்ட விலங்கு நடக்கவே முடியாததா, அல்லது வெறுமனே இதுவரை பிறக்காததா? இடைக்கால ஆட்களின் அளவுகோல் மிகத் தாராளமானது. 1277இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைத் தடைசெய்து ஓர் ஆணை போட்டார், கடவுளின் வல்லமைக்கு எல்லை கட்டும் கருத்துகளும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு தனக்குள்ளேயே முரண்படாத எதையும் கடவுளால் செய்ய முடியும் என்ற அளவுகோல் எல்லார் கையிலும் இருந்தது. அந்தக் கணக்கில் நம் முயற்கொம்பு தேறிவிடும்! முயலும் இருக்கிறது, கொம்பும் இருக்கிறது, ஒன்றின் தலையில் இன்னொன்றை முளைக்க வைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. வெற்றிடத்தை இயற்கையால் உண்டாக்க முடியாது, கடவுள் நினைத்தால் முடியும் என்று பூரிடானே சொல்கிறார். ஆக வெற்றிடமும் "முடியாதது" பட்டியலில் இருந்து வெளியே.

ஆகவே நிஜமாகவே முடியாத பொருள் வேண்டுமென்றால் விளக்கத்தை இறுக்க வேண்டும். பூரிடான் இறுக்கினார்: எந்த உறுப்புகள் சேர்ந்து ஒரு பொருளாகவே முடியாதோ அந்த உறுப்புகள் சேர்ந்து உருவான விலங்குதான் கைமேரா. நாமும் யாளிக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். இனி இந்தக் கட்டுரையில் யாளி என்றால் "ஒன்றுசேரவே முடியாத உறுப்புகள் ஒன்றுசேர்ந்த விலங்கு". சிற்பிகள் மன்னிக்கவும்.

அடுத்து, சொல் செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஒரு சொல் மனத்தில் ஓர் எண்ணத்தை எழுப்பி, அதன் வழியாகச் சிலவற்றைக் குறிக்கிறது. அது ஒரு வேலை. அதே சொல் ஒரு வாக்கியத்துக்குள் எழுவாயாகவோ பயனிலையாகவோ வந்து உட்காரும்போது, உலகத்தில் உள்ள சிலவற்றுக்குப் பதிலாக நிற்கிறது. இது இரண்டாவது வேலை. "குதிரை புல் தின்கிறது" என்றால் குதிரை என்ற சொல் ஏரிக்கரையில் மேயும் அந்தந்தக் குதிரைகளுக்குப் பதிலாக நிற்கிறது. பெரும்பாலான சொற்கள் இரண்டு வேலையையும் செய்வதால் இவை வேறு வேறு என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. யாளி முதல் வேலையை மட்டும் செய்யும். அது குறிக்கிறது, ஆனால் எதற்காகவும் நிற்பதில்லை.

எதைக் குறிக்கிறது? இதுதான் பூரிடானின் கெட்டிக்காரத்தனம். யாளி என்ற ஒற்றைச் சொல்லுக்கு மனத்தில் ஒற்றை எண்ணம் கிடையாது, ஒரு கூட்டு எண்ணம்தான் இருக்கிறது. எளிய, பிரிக்க முடியாத எண்ணம் எதுவானாலும் அதற்கு ஏதாவது ஒரு பொருள் உண்டு, ஒன்றுமே இல்லாமல் எளிய எண்ணம் உண்டாகாது என்பது அவர் நிலை. ஆக யாளியைப் பிரித்தால் விலங்கு, உறுப்பு, சேர்தல் என்று துண்டுகள் கிடைக்கும், ஒவ்வொரு துண்டும் உலகத்தில் உள்ளவற்றையே குறிக்கும். யாளி என்ற சொல் குறிப்பது இந்த விலங்குகளையும் உறுப்புகளையும்தான். அவற்றைத் தாண்டி யாளி என்று ஒரு நிழல் பொருளைக் குறிக்கவில்லை. துண்டுகளைக் கூட்டிய விதத்தில்தான் கோளாறு, அந்தக் கூட்டுக்கு ஏற்ற பொருள் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. இதனால் இன்னொரு லாபமும் உண்டு. யாளியும் சதுர வட்டமும் இரண்டுமே எதற்காகவும் நிற்கவில்லை, அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே பொருளா என்று கேட்டால், இல்லை; ஒன்று விலங்குகளைக் குறிக்கிறது, மற்றது வடிவங்களைக் குறிக்கிறது. இல்லாத பொருள்களுக்கென்று தனியாக ஒரு பரண் கட்டி அங்கே யாளியை ஒரு மூலையிலும் சதுர வட்டத்தை இன்னொரு மூலையிலும் அடுக்கி வைக்கத் தேவையில்லை.

சொல் தன்னையே சுட்டி நிற்கும் இடங்களை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். "யாளி இரண்டெழுத்துச் சொல்" என்பது மெய், ஏனென்றால் அங்கே பேச்சு சொல்லைப் பற்றியது. விளக்கம் சொல்லும் வாக்கியங்களும் இப்படித்தான். கைமேரா இன்ன விலங்கு என்ற வாக்கியத்தை விலங்கைப் பற்றியதாக எடுத்தால் பொய், இந்தச் சொல்லும் அந்தத் தொடரும் ஒரே பொருள் உடையவை என்று எடுத்தால் மெய் என்று ஒக்காம் பிரிக்கிறார். அகராதி பொய் சொல்லவில்லை என்று ஆறுதல் அடையலாம்.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். உடன்பாட்டு வாக்கியம் மெய்யாக வேண்டுமானால் எழுவாயும் பயனிலையும் ஒரே பொருளுக்காக நிற்க வேண்டும். எழுவாய் எதற்காகவும் நிற்கவில்லை என்றால் கதை முடிந்தது, வாக்கியம் பொய். எதிர்மறை வாக்கியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இரண்டும் ஒரே பொருளில் சந்திக்கவில்லை என்றாலே அது மெய். இதை அப்படியே ஓட்டிப் பாருங்கள். "யாளி விலங்கு" பொய். "யாளிக்குத் துதிக்கை உண்டு" பொய். "யாளி யானை அல்ல" மெய். "யாளி இல்லை" மெய், இந்த வாக்கியத்துக்காக எந்தப் பொருளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை. கடைசியாக, புதியவர்கள் எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் இடம்: "யாளி யாளிதான்" பொய். ஒக்காம் இதைத் தயங்காமல் சொல்கிறார். ஒரு பொருள் தானாகவே இருக்கிறது என்பது எவ்வளவு பாதுகாப்பான உண்மையாகத் தோன்றினாலும், பொருளே இல்லாத இடத்தில் அது செல்லாது.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. "யாளி வெள்ளை அல்ல" என்பதும் "யாளி வெள்ளையல்லாத ஒன்று" என்பதும் காதுக்கு ஒன்றுதான். முதலாவது எதிர்மறை, அதனால் மெய். இரண்டாவது உடன்பாடு, பயனிலைக்குள்ளே மட்டும்தான் மறுப்பு ஒளிந்திருக்கிறது, அதனால் பொய். மறுப்பு வாக்கியம் முழுவதையும் தள்ளுகிறதா, ஒரு சொல்லை மட்டும் தள்ளுகிறதா என்று பார்க்காமல் முன்னால் போகாதீர்கள். இன்னொன்று, இன்றைய கணிதத் தர்க்கம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு. "எல்லா யாளிக்கும் துதிக்கை உண்டு" என்பதை இன்றைய பாடநூல் மெய் என்று சொல்லும், யாளியே இல்லாததால் எதிர்சாட்சி இல்லை என்பார்கள். பூரிடானிடம் அது உடன்பாடு, ஆகவே பொய். அதன் நேர் மறுப்பான "ஏதோ ஒரு யாளிக்குத் துதிக்கை இல்லை" மெய். தலைகீழாகத் தெரிந்தாலும் கணக்கு எங்கும் உடைவதில்லை. எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை மறந்து கலக்கினால்தான் உடையும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். இங்கே மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கிறது, கடைசியாக 2018இல். ஒரு பூகூட இல்லாத ஒரு நாளில் "குறிஞ்சிப்பூ நீலமாக இருக்கிறது" என்று சொன்னால், நிகழ்கால வினை எழுவாயை இப்போது இருக்கும் பூக்களோடு கட்டிவிடுகிறது, அப்படி எதுவும் இல்லாததால் வாக்கியம் பொய். "நீலமாக இருந்தது" என்றால் எழுவாய் விரிந்து, இருக்கிற பூக்களோடு முன்பு இருந்தவற்றுக்கும் சேர்த்து நிற்கும், வாக்கியம் மெய். எதிர்காலத்துக்கும் அப்படியே. "இருக்க முடியும்" என்றால் இருக்கக்கூடியவை எல்லாவற்றுக்கும் விரியும். பாரிஸில் இதே கேள்வியை ரோஜா இல்லாத குளிர்காலத்தை வைத்துக் கேட்பார்கள். தாவரவியல் பாடத்தில் எழுதுவதுபோலப் பொதுவாகச் சொன்னால் சொல் எல்லாக் காலத்துப் பூக்களுக்கும் நிற்கலாம் என்று பூரிடான் இடம் கொடுத்தார். ஒக்காம் கொஞ்சம் கறார்: "மனிதன் விலங்கு" என்பதைக்கூட எப்போதும் மெய்யாக வைத்திருக்க வேண்டுமானால் "மனிதன் இருந்தால், அவன் விலங்கு" என்று மாற்றிச் சொல்லச் சொல்வார்.

குறிஞ்சிக்கு விரிவு உதவுகிறது. யாளிக்கு உதவாது. இறந்தகாலத்துக்குப் போங்கள், எதிர்காலத்துக்குப் போங்கள், முடியும் என்ற வட்டம் முழுக்கத் தேடுங்கள், யாளி எங்கும் இல்லை. "யாளி இருக்க முடியும்" பொய். "யாளி இருக்க முடியாது" எதிர்மறை, மெய்.

இனி கடினமான பகுதி: நினைத்தல், தெரிதல், வாக்குக் கொடுத்தல் போன்ற மனத்து வினைகள். காலையில் ஏரிச் சாலையில் மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, யாரோ வருகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

"டேய், வர்றது யாருன்னு தெரியுதா?"

"தெரியலைண்ணே."

வருவது அந்தப் பையனுடைய சொந்த மாமா. அப்படியானால் அவனுக்கு வருகிறவரைத் தெரியுமா, தெரியாதா? மாமாவை அவனுக்கு நன்றாகவே தெரியும், மாமாதான் வருகிறவர், ஆனால் "வருகிறவர்" என்ற எண்ணத்தின் வழியாக அவனுக்கு அவரைத் தெரியவில்லை. பூரிடான் ஏறக்குறைய இதே உதாரணத்தைக் கொடுத்து ஒரு விதி சொல்கிறார்: மனத்து வினையின் பிடிக்குள் வரும் சொல், பொருளுக்காக நிற்பதோடு, எந்த எண்ணத்தின் வழியாக அந்தப் பொருளைப் பிடித்தோம் என்பதையும் சேர்த்து இழுத்துவரும். லத்தீனில் சொல் வினைக்கு முன்னால் வந்தால் ஒரு கணக்கு, பின்னால் வந்தால் வேறு கணக்கு என்று வரிசையை வைத்தே காட்டுவார். தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்த விதியை அப்படியே நட முடியாது. அதற்குப் பதிலாக, "வருகிற அந்த ஆளை உனக்குத் தெரியுமா" என்றும் "வருகிறவர் இன்னார் என்று தெரியுமா" என்றும் இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதிவிடுங்கள். குதிரைக்காரர் "நாளைக்கு ஒரு குதிரை தர்றேன் சார்" என்று சொல்லும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. எந்தக் குதிரை என்று கேட்டால் குறிப்பாக எதுவும் இல்லை, அவர் கொடுத்த வாக்கு குதிரை என்ற எண்ணத்தின் வழியாகப் போகிறது.

இப்போது சண்டைக்கு வருவோம்: "நான் யாளியை நினைக்கிறேன்." மெய்யா பொய்யா?

மனத்து வினைகள் சொல்லை விரிக்கும் என்பதில் பூரிடானுக்கும் மார்சிலியஸுக்கும் வேறுபாடு இல்லை. இறந்துபோன தாத்தாவை நினைக்கலாம், பிறக்காத பேத்தியை நினைக்கலாம், கடவுள் செய்யக்கூடிய முயற்கொம்பை நினைக்கலாம். பூரிடான் அங்கே கோடு போட்டுவிடுகிறார், இருந்தவை, இருப்பவை, இருக்கப்போகிறவை, இருக்க முடிந்தவை, அவ்வளவுதான். யாளி இந்த நாலிலும் இல்லாததால் "யாளியை நினைக்கிறேன்" பொய். அப்படியானால் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்ததுதான் என்ன? விலங்குகளையும் உறுப்புகளையும் நினைத்தாய், சேராதவற்றைச் சேர்க்கும் ஓர் எண்ணத்தால் அவற்றை நினைத்தாய். நினைத்தது நடந்தது, நினைக்கப்பட்ட யாளி என்று ஒன்று மட்டும் இல்லை. மார்சிலியஸ் கோட்டைத் தள்ளி வைக்கிறார். இப்படிப்பட்ட வினைகளின் பக்கத்தில் சொல், இருக்கவே முடியாவிட்டாலும் கற்பனை செய்ய முடிந்தவற்றுக்கும் நிற்கும் என்கிறார். அவரிடம் "யாளியை நினைக்கிறேன்" மெய்.

மார்சிலியஸ் பக்கம் பேச்சு வழக்கு இருக்கிறது, டீக்கடையில் யாரைக் கேட்டாலும் அவர் சொல்வதுதான் சரி என்பார்கள். ஆனால் விலையைப் பாருங்கள். பெயர்வாதியின் பெருமையே அவருடைய சரக்குப் பட்டியல் சின்னது என்பதுதான். "கற்பனை செய்ய முடிந்தவை" என்று ஒரு வரியைச் சேர்த்ததும், அவை எத்தனை, இந்த யாளியும் அந்த யாளியும் ஒன்றா இரண்டா என்ற கேள்விகள் வாசலில் வந்து நிற்கின்றன. அது சொற்களுக்கான விதிதானே, பொருள்கள் இருப்பதாக நான் எங்கே சொன்னேன் என்று அவர் கட்சிக்காரர்கள் பதில் சொல்லலாம். எதற்காக நிற்கிறது என்று கேட்டால் ஏதாவது ஒன்றைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்பது என் எண்ணம். நான் பூரிடான் பக்கம். வாக்கியத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதுவது, உலகத்தில் ஆளில்லாத வீடுகளைக் கட்டிவிட்டு வரி கேட்பதைவிட மலிவு.

இப்படிச் சொன்னதும் சிலர் கத்தியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறவர்கள் பேச்சையெல்லாம் "பொய், பொய்" என்று வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பாரிஸிலும் இது நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் 1340 டிசம்பர் 29 அன்று பல்கலைக்கழகக் கலைப் பிரிவு ஒரு விதியே போட்டது: ஒரு நூலாசிரியர் மனத்தில் வைத்த பொருள் சரியாக இருக்கும் என்று நம்பினால், சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் வாக்கியம் பொய் என்று எந்த ஆசிரியரும் அறிவிக்கக் கூடாது. ஒக்காமே நேர்ப்பொருள் வேறு, ஆசிரியர் கருதியது வேறு என்று பிரித்துத்தான் வைத்திருந்தார். ஆகவே தாளில் கறாராக இருங்கள். பாட்டி யாளிக் கதை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

"ஆல்" விகுதி வந்தால் விதி மாறும், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "யாளி ஓடினால் ஒரு விலங்கு ஓடும்" மெய், ஏனென்றால் முன்பாதி நடந்து பின்பாதி நடக்காமல் இருக்க வழியே இல்லை. ஆனால் அதே காரணத்தால் "யாளி ஓடினால் கொடைக்கானல் ஏரி வற்றும்" என்பதும் மெய்யாகிவிடும். முடியாததிலிருந்து எது வேண்டுமானாலும் வரும் என்பதைப் பூரிடான் ஏற்றுக்கொண்டவர். இது பிடிக்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

பழகிப் பார்க்க மூன்று. "யாளி யாளி இல்லாமல் இருக்க முடியாது": இரண்டு மறுப்பு ஒன்றையொன்று தின்றுவிட்டு உடன்பாடாகிறது, பொய். "தூணில் இருக்கும் யாளிக்குத் துதிக்கை உடைந்திருக்கிறது": மெய்யாக இருக்கலாம், அங்கே யாளி என்பது கல்லுருவத்தின் பெயர், படத்தில் உள்ள மனிதனையும் மனிதன் என்றுதான் அழைக்கிறோம், ஆனால் அதே பொருளில் அல்ல என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே சொல்லியாகிவிட்டது. மூன்றாவது: "குழந்தை யாளியைப் பார்த்துப் பயப்படுகிறது." பார்த்தது கல்லையென்றால் பயமும் கல்லைப் பார்த்துத்தான், பிரச்சினை இல்லை. கல் எதைக் காட்டுகிறதோ அதற்குப் பயப்படுகிறது என்று நீங்கள் சொல்ல நினைத்தால், வாக்கியத்தைப் "பார்க்கிறது", "பயப்படுகிறது" என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டு, மார்சிலியஸா பூரிடானா என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பதில் அதைப் பொறுத்துத்தான் வரும்.